கால் போனபின் கால் வரும்வரை

முழங்காலுக்குக் கீழே மாட்டும் ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக்காலைச் செய்ய ஒரு நாள் போதும். முகாம் நடக்கும் இடங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். காலையில் மாவுக்கட்டுப் போட்டு அளவு கொடுத்தவர், மாலையிலோ மறுநாளோ இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு புதுக் காலில் நடை பழகுவார். அப்படியிருந்தும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் விபத்திலோ சர்க்கரைப் புண்ணாலோ காலை இழந்தவர்கள் மாதக்கணக்கில் அக்குள் கட்டையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் காலைச் செய்யும் பட்டறை அல்ல. அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்தவரைப் பட்டறை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய வேலை என்பது முடிவாகாமலே கிடக்கிறது. அந்த வழியில் எங்கெங்கே நாட்கள் வீணாகின்றன, எதைக் குடும்பமே மிச்சப்படுத்தலாம், எதை அரசு செய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பகுதியில் கால் போவதற்கு வழிகள் பல. பெங்களூருவிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஷிப்டு முடியும் நேரத்தில் கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு போகும். சக்கரத்துக்கு அடியில் மாட்டிய முழங்கால் பல நேரம் காப்பாற்றக்கூடிய நிலையில் மருத்துவமனைக்கு வருவதில்லை. கிரானைட் குவாரிகளில் கல் சரிந்து விழுகிறது. ஆலைக்குள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிறது. இவையெல்லாம் செய்தித்தாளில் வரும். வராதது சர்க்கரை. செருப்பு கடித்த ஒரு சின்னப் புண், உணர்ச்சி மரத்த காலில் வலியே இல்லாமல் பரவி, விரலில் ஆரம்பித்துப் பாதம், கணுக்கால் என்று மேலே ஏறுகிறது. வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. காலை இழந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. காலை எடுத்தபின் தையல் பிரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் கூடுதலாக ஆகும். புண் ஒழுங்காக ஆறினால், முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவருக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் அளவை எடுத்துவிடலாம். மூன்று மாதம் தாண்டியும் யாரும் அளவு என்ற பேச்சையே எடுக்கவில்லை என்றால், அது உடம்பு கேட்ட காலம் இல்லை. ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த ஆறு எட்டு வாரத்தைச் சும்மா கழிப்பவருக்கும் தயாராவதற்குப் பயன்படுத்துபவருக்கும் நடுவேதான் பெரிய வித்தியாசம் விழுகிறது. மீந்திருக்கும் காலை மருத்துவமனைகளில் ஸ்டம்ப் என்பார்கள். அறுவைக்குப் பிறகு அது வீங்கி, நுனி உருண்டு பருத்திருக்கும். அப்படியே விட்டால் செயற்கைக்காலின் மேற்கூடான எந்தச் சாக்கெட்டுக்குள்ளும் இறங்காது. வீக்கத்தை வடியவைத்து, மேலே அகலமாகவும் நுனியில் ஒடுங்கியும் வரச் செய்வது க்ரேப் பேண்டேஜ்தான். முழங்காலுக்குக் கீழே என்றால் 4 அங்குல அகலம், தொடை என்றால் 6 அங்குலம். அதை வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. சரிவாக ஏற்றி, சரிவாக இறக்கி, 8 வடிவில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நுனியில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். கட்டு முழங்காலைத் தாண்டி மேலே போய் முடிய வேண்டும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். நடுவில் இறுக்கி நுனியைத் தளர்வாக விட்டால் ரத்தம் கீழே தேங்கி நுனி இன்னும் பருக்கும். கட்டிய இடம் நீலம் பாரித்தாலோ துடித்து வலித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். கட்டின் முனையை ஊக்கால் குத்தாமல் பிளாஸ்திரி ஒட்டுவது நல்லது. சர்க்கரை உள்ளவருக்கு ஊக்கு குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டம் மோசமாக உள்ளவர்கள் எவ்வளவு இறுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டே கட்ட வேண்டும். நர்ஸோ பிசியோவோ இரண்டு முறை கட்டிக் காட்டினால் வீட்டில் இருப்பவர் கற்றுக்கொள்வார். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, ‘நாங்க கட்டுறோம், சரியான்னு பாருங்க சிஸ்டர்’ என்று கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

இன்னொன்று தலையணை. வலிக்கிறதே என்று அம்மாவோ மனைவியோ அந்தக் காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிடுவார்கள். பாசத்தில் செய்கிற இந்தக் காரியம்தான் எத்தனையோ பேரின் நடையைக் கெடுத்திருக்கிறது. மடங்கியே கிடக்கும் முழங்கால் சில வாரங்களில் மடங்கியபடியே இறுகிப்போகும். தொடையில் எடுத்தவருக்கு இடுப்பு மூட்டு இறுகும். அப்படி இறுகிய காலுக்கு நேரான செயற்கைக்காலைப் பொருத்த முடியாது. பிறகு அதை நிமிர்த்துவதற்கே மாதங்கள் போகும், சிலருக்கு நிமிராமலே போகும். தலையணை வேண்டாம். படுக்கும்போது கால் நேராக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் காலைத் தொங்கவிடாமல் ஒரு பலகையை நீட்டி அதன்மேல் நீட்டிவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, இருபது நிமிடமாவது குப்புறப் படுக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், சான்று வேண்டாம், பயணம் வேண்டாம். ஆனாலும் பட்டறைக்குப் போனவரை ‘முழங்கால் நிமிரட்டும், அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்பும் காரணங்களில் இதுவும் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோ ஊழியர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியது முக்கியமாக இதைத்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து, ‘காலை எடுத்திருக்கு, பிசியோ வேணும்’ என்று கேளுங்கள்.

இல்லாத பாதம் எரிகிறது, விரல் முறுக்குகிறது என்று சொல்பவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மனம் பேதலித்துவிட்டதாக நினைக்கவும் வேண்டாம். காலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வரும். முழுதாக இருக்கும் மற்ற காலைக் கண்ணாடியில் தெரியும்படி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே அசைக்கும் பயிற்சி சிலருக்கு நிவாரணம் தருகிறது. அதைக் கண்டறிந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். கண்ணாடி போதவில்லை என்றால் மருந்தும் இருக்கிறது. வலிக்குப் பயந்து கட்டையும் கட்டிலுமாகவே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

இனி, நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. நம் ஊரில் பல குடும்பங்கள், ‘புண்ணு முழுசா ஆறட்டும், காலு முழுசா வத்தட்டும், அப்புறம் ஒரேயடியா நல்ல காலா வாங்கிக்கலாம்’ என்று காத்திருக்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டம்ப் முழுவதும் வற்றி ஒரு நிலைக்கு வர ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கும் காலும் இடுப்பும் நெஞ்சும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஒரு பாதமும் ஏற்கெனவே ஆபத்தில் உள்ள பாதம். முதல் கால் கடைசிக் காலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எளிமையான ஒரு தற்காலிகக் காலை இரண்டாம் மாதத்திலேயே போட்டு நடக்க ஆரம்பித்தால், சாக்கெட்டின் அழுத்தமும் நடையும் சேர்ந்து வீக்கத்தை இன்னும் வேகமாக வடியவைக்கும். வற்றிய பிறகு சாக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உலகம் இதைத் தெரிந்துகொண்டு அறுபது வருடம் ஆகிறது. 1960-களில் போலந்தில் மரியன் வைஸும் அமெரிக்காவின் சியாட்டிலில் எர்னஸ்ட் பர்கஸும், அறுவை மேசையிலேயே ஸ்டம்புக்கு மாவுக்கட்டைப் போட்டு, அதன் நுனியில் தற்காலிகப் பாதம் ஒன்றைப் பொருத்தி, சில நாட்களிலேயே நோயாளியை எழுப்பி நிறுத்தினார்கள். பிரிட்டனில் காற்றடைத்த பை ஒன்றை ஸ்டம்பைச் சுற்றி வைத்து, வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, தையல் பிரிக்கும் முன்பே கம்பிகளுக்கு நடுவே நடக்கவைக்கிறார்கள். அறுவை மேசையிலேயே கால் பொருத்துவதற்குத் தேர்ந்த குழு வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு தற்காலிகக் கால் என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடக்கக்கூடிய காரியம்.

பட்டறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் நடக்கக்கூடியது என்பது புரியும். மெல்லிய உறை போட்ட ஸ்டம்பின்மேல் மாவுக்கட்டு சுற்றி, அது இறுகும் வரை கையால் அழுத்திப் பிடித்து அளவெடுப்பார்கள். கட்டைக் கழற்றினால் ஒரு கூடு. அதற்குள் மாவுக் கரைசலை ஊற்றி உறையவைத்து, கூட்டை உரித்தால் அவருடைய ஸ்டம்பின் அச்சு கையில் இருக்கும். கைத்திறன் எல்லாம் அடுத்த வேலையில். எலும்பு முட்டும் இடங்களில் அச்சின்மேல் மாவைக் கூட்டுவார்கள். பாரத்தைத் தாங்கக்கூடிய சதைப்பகுதியில் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். முழங்காலுக்குக் கீழ் உள்ள தசைநாணில் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தால் கால் உள்ளே வழுக்காது. கணைக்கால் எலும்பின் முனையில் கொஞ்சம் குறைவாகக் கூட்டிவிட்டால் பத்து நாளில் அங்கே புண். ஜெய்ப்பூர் முறையில், தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் எச்.டி.பி.இ. பைப்பை அடுப்பில் வைத்து இளக்கி, அந்த அச்சின்மேல் இழுத்துவிடுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தெடுத்தால் சாக்கெட் தயார். அதன் கீழே ரப்பர் பாதத்தைப் பொருத்தி, நிற்கவைத்து, நடக்கவைத்து, சாய்மானம் பார்த்துத் திருத்துவார்கள். 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது இந்தப் பாதம். அச்சு, அரம், உலை என்பதெல்லாம் டை வார்ப்பும் டூல் ரூமும் தெருவுக்குத் தெரு உள்ள ஓசூருக்குப் புதியதா என்ன?

பட்டறையில் ஒரு நாள் வேலைதான். அதற்கு முந்தைய நாட்களைத் தின்பது காகிதம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். கை கால் வீக்கம், பலவீனம் போலத் தேறுமா தேறாதா என்று பொறுத்துப் பார்க்க இதில் எதுவும் இல்லை. எடுத்த கால் திரும்ப முளைக்காது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், அளவெடுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்தும் தளியிலிருந்தும் ஒற்றைக் காலோடு இரண்டு பஸ் மாறி அங்கே போய்வருவது என்ன பாடு என்பதை யோசித்தால், காலை எடுத்த மருத்துவமனையிலேயே, கட்டிலிலேயே சான்றை முடித்து அனுப்ப வேண்டும் என்று நான் கேட்பது அதிகமில்லை என்று புரியும்.

ஆலைத் தொழிலாளிக்கு இன்னொரு வழி ஈ.எஸ்.ஐ. இதைத் தெரியாமலே பலர் இழக்கிறார்கள். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தையும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், 2010-இலிருந்து வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது அடிபட்டவர் இதைக் கேட்காமல் விடக் கூடாது. படுத்திருக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும், செயற்கைக்கால் மையத்தில் அதற்காகவே தங்கியிருக்கும் நாட்களுக்கு 100 சதவீதமும் கிடைக்கும். செயற்கைக்காலும் ஈ.எஸ்.ஐ.யின் பொறுப்பு. இதற்கெல்லாம் அடிப்படை, கம்பெனி உடனே அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை. காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் ‘உங்க காண்ட்ராக்டரைக் கேளுங்க’ என்று கை காட்டுவார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞனுக்கு அந்தப் பேச்சு பாதி புரியும், பாதி புரியாது, ஊருக்கு ரயிலேற்றிவிடுவார்கள். அறிக்கையின் நகலை அன்றைக்கே கையில் வாங்கிவைப்பது சக தொழிலாளிகள் அவனுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி.

எல்லை ஒரு தனிச் சிக்கல். ஓசூரில் அடிபட்டவருக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். அவசரத்தில் ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளியைத் தாண்டி அந்தப் பக்கம் போவது இயல்பு. காலை எடுப்பது கர்நாடகத்தில், சான்றும் அரசு உதவியும் தமிழ்நாட்டில் என்றாகிவிடுகிறது. அங்கிருந்து வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எந்த மட்டத்தில் கால் எடுக்கப்பட்டது என்ற தெளிவான குறிப்பு மூன்றையும் வாங்காமல் வந்தால் இங்கே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதே எல்லை நமக்கு வசதியும் செய்கிறது. செயற்கைக்கால் செய்வதும் அதைச் செய்யும் வல்லுநர்களைப் பயிற்றுவிப்பதுமாக 1994-இலிருந்து இயங்கும் மொபிலிட்டி இந்தியா, பெங்களூரு ஜே.பி. நகரில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. அதோடு சேர்ந்து உருவாக்கி 2022-இல் வெளியிட்ட ‘கடம்’ என்ற செயற்கை முழங்கால், தொடையில் காலை இழந்தவர்களுக்கானது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்தவருக்கு வேலூர் சி.எம்.சி. ஏறக்குறைய 125 கிலோமீட்டர். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் அங்கே தொடங்கிய புனர்வாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உண்டு.

ஆனால் இவை எல்லாமே வெளியூர். சாக்கெட் என்பது ஒருமுறை வாங்கி முடிக்கும் பொருள் இல்லை. முதல் வருடத்தில் இறுக்கம், தளர்வு, புண், உரசல் என்று பலமுறை போய்த் திருத்த வேண்டியிருக்கும். தூரம் காரணமாகத் திருத்தாமல் விட்ட கால்கள் பரணில் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலேயே, 1987-இல், ஜெய்ப்பூர் கால் செய்யும் புனர்வாழ்வு மையம் ஒன்றை உள்ளூரிலேயே அமைத்தார்கள். பாதை அடைபட்ட காலத்திலும் அந்த ஊரில் கால் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ சேவை மையங்களை உட்கோட்ட அளவில் அமைத்துவருகிறார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு வல்லுநரும் ஓர் உலையும் ஓர் அரமும் நிரந்தரமாக இருந்தால், முகாம் எப்போது வரும் என்று காத்திருக்கும் மாதங்கள் அப்படியே மிச்சம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழ்நாடு தொடங்கியது. பிற மாநிலத்தவருக்கும் அது உண்டு. அதே தெளிவோடு, காலை எடுத்தவரின் பெயர் அன்றைக்கே செயற்கைக்கால் மையத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று ஓர் ஆணை போதும். திட்டமிட்டு எடுக்கும் காலென்றால், அறுவைக்கு முந்தைய நாளே அந்த வல்லுநர் கட்டிலருகே வந்து பேச வேண்டும். எவ்வளவு நீளம் விட்டால் நல்ல சாக்கெட் வரும், முழங்காலைக் காப்பாற்ற முடியுமா என்பதில் அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அறுவை அரங்கில் மதிப்பிருக்கிறது. முழங்கால் தப்பினால் நடையும் சுலபம், காலும் சுலபம்.

கடைசியாக, முதல் காலை வாங்கும் நாளில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் ஒருமுறை உதவி பெற்றவர் அதே உதவியை மறுபடி கேட்க மூன்று வருடம் ஆக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருடம். ஆனால் வற்றும் ஸ்டம்ப் மூன்று வருடம் பொறுக்காது, ஆறேழு மாதத்திலேயே முதல் சாக்கெட் தளர்ந்துவிடும். அதனால் முதல் காலை எந்தத் திட்டத்தில் தருகிறார்கள், சாக்கெட் மாற்றுவது அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் தற்காலிகக் காலைத் தொண்டு நிறுவனம், ஈ.எஸ்.ஐ., மருத்துவமனை என்று வேறு வழியில் வாங்கிக்கொண்டு, அடிப் உதவியை நிரந்தரக் காலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று விசாரியுங்கள். தொண்டு நிறுவனம் தந்ததையும் இந்த மூன்று வருடக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதால், தற்காலிகக் கால் எப்படிப் பதிவாகிறது என்பதை நல அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது முக்கியம். பிறகு தினமும் காலைக் கழற்றியதும் கண்ணாடி வைத்து ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு எங்காவது தெரிந்தால் அன்றைக்கு அதை மறுபடி மாட்ட வேண்டாம். உறைமேல் உறை போட்டும் கால் உள்ளே ஆடுகிறது என்றால், சாக்கெட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.